பாப்பா குந்திய இடம்

நம் வயதுக்காரர்கள் பிறந்த வீட்டைப் பற்றி எழுதியதைப் படித்தால் எனக்கு வயிறு எரியும். கிணற்றடி, மாடத்தில் படிந்த விளக்குப் புகை, தேய்ந்துபோன வாசற்படி என்று எழுதுகிறீர்கள். இப்போது கண்ணைக் கட்டிவிட்டாலும் நேராகப் போய்க் கதவைத் தொட்டுவிடுவேன் என்கிறீர்கள். தொடுங்கள். எனக்குத் தொடுவதற்கு ஒரு கதவு கிடையாது. நாங்கள் வாத்து மேய்த்தவர்கள். எனக்கு இருப்பதெல்லாம் தங்கிய இடங்கள்தான். ஒரு மேடு, ஒரு களம், ஆற்றில் ஒரு மணல் திட்டு. அவையும் என் பேரில் இல்லை. எங்கள் உறவில் இன்றைக்கும் அவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் "பாப்பா குந்துன எடம்" என்றுதான் சொல்கிறார்கள். பாப்பா என் தங்கை.

எங்களுக்கு ஊர் எது என்று யாராவது கேட்டால் பூலாம்பாடிப் பக்கம் என்போம். மழைக்காலத்தில் அங்கே ஏரிகளில் வாத்துகள் நிற்கும். அந்த மாதங்களில் மட்டும் நான் பள்ளிக்கூடம் போவேன். பொங்கல் முடிந்து திருமானூர்ப் பக்கம் சம்பா அறுப்புத் தொடங்கியதும் வாத்துகளை லாரியில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடுவோம். அறுத்த வயலில் சிந்திய நெல்லும், சேற்றில் நத்தையும், வாய்க்காலில் பொடி மீனும் கிடைக்கும்வரை அங்கேதான். என் படிப்பு வருடா வருடம் தை மாதத்தோடு நின்றுவிடும். ஏழாம் வாய்ப்பாடு வரை எனக்கு இன்றைக்கும் தடுமாறாது. எட்டாம் வாய்ப்பாட்டை அந்த வாத்தியார் எப்போதும் மாசி மாதத்தில்தான் நடத்தினார்.

ஒரு வயலில் மேய்ச்சல் தீர்ந்ததும் டேராவைப் பிரித்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். தார்ப்பாய், வலை, பானைகள், கோழி மூடுகிற மாதிரிப் பெரிய கூடைகள், இவ்வளவுதான் வீடு. இடம் பார்ப்பதுதான் பெரிய வேலை. பார்க்கிறவர்களுக்கு எல்லா வயலும் ஒன்றுபோல இருக்கும். தண்ணீர் பக்கத்தில் வேண்டும், ஆனால் இரவில் வாத்து அதில் இறங்கிவிடக் கூடாது. மேடாக இருக்க வேண்டும். கோரை மண்டிய இடம் என்றால் நரி ஒளிந்திருக்கும், மழை வந்தால் தண்ணீரும் நிற்கும். பனைமரம் இருந்தால் கள் குடிக்க வருகிறவர்கள் தொல்லை. ரோடு பக்கமாகப் போட்டால் பஸ் ஹாரனில் வாத்துகள் மிரண்டு முட்டையிடுவதை நிறுத்திவிடும். மண் மணலாக இருந்தால் முட்டை அழுக்காகாது, விடியற்காலையில் பொறுக்குவதும் சுலபம். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தலையில் பானைகளோடு கடைசியாக நடந்து வருகிறவளுக்கு, முன்னால் போகிறவர்கள் செய்கிற தப்பெல்லாம் தெரியும்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சண்டை நடக்கும். அப்பாவுக்கு நிழல் வேண்டும். சித்தப்பாவுக்கு டீக்கடை வேண்டும்.

"அண்ணே, அந்த மோட்டார் கொட்டாய்கிட்டப் போட்டுடலாம். தண்ணி கிட்ட, ரோடு கிட்ட."

"ரோடு கிட்டயா, டீக்கடை கிட்டயாடா?"

"நீ சொல்ற எடத்துல போட்டா ஒரு கொடம் தண்ணிக்கு நான் தஞ்சாவூருதான் போவணும்."

இப்படி ஒரு சாயங்காலம் இருவரும் வயல் நடுவே நின்றுகொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். வாத்துகளும் அவர்களோடு சேர்ந்து கத்தின. சண்டை மும்முரத்தில் அப்பா தோளிலிருந்து இறக்கிவிட்ட தங்கை தானே நடந்து போய் ஒரு சின்ன மேட்டில் ஏறிக் குந்திக்கொண்டாள். எங்கள் பக்கம் உட்காருவதையே குந்துவது என்று சொன்னாலும், அவள் குந்துவது தனி. பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துவிடுவாள். இழுத்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

"ரெண்டு பேரும் முடிவு பண்றதுக்குள்ள இருட்டிடும். பாப்பா குந்திட்டா பாருங்க, அங்கயே போடுங்க" என்றார் அம்மா.

போட்டோம். அன்றைக்கு மாசியில் வராத மழை வந்தது. விடிந்து பார்த்தால் மோட்டார் கொட்டகைப் பக்கம் முழுக்கத் தண்ணீர். அங்கே டேரா போட்டிருந்த வேறொரு வாத்துக்காரரின் பானை மிதந்துகொண்டிருந்தது, அவருடைய வாத்துகள் வலையை விட்டு ஊருக்குள் போய்விட்டிருந்தன. எங்கள் மேடு காய்ந்து கிடந்தது.

"பாப்பா குந்துன எடம் காப்பாத்திடுச்சு அண்ணே" என்றார் சித்தப்பா. அப்பா தங்கையின் தலையில் கை வைத்தார். எனக்கு நினைவு தெரிந்து என் தலையில் அவர் கை வைத்ததெல்லாம் அம்மாவிடம் பேன் பார்க்கச் சொல்லித்தான்.

அதற்கு அடுத்த அறுப்புக் காலத்தைத்தான் நான் சொல்ல வந்தேன். அதற்குள் தங்கைக்குப் பேர் பரவிவிட்டது. அப்பா கருவேலங்கட்டையில் ஒரு முளை செதுக்கி, அதன் தலையில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். டேராவுக்கு அடிக்கிற முதல் முளை அதுதான். அதைப் பாப்பா குந்திய இடத்தில்தான் அடிப்பார்கள். அது வரைக்கும் அப்பா தோளிலும் சைக்கிள் பாரிலும் வந்துகொண்டிருந்தவள், இப்போது முன்னால் நடந்து போக வேண்டும். சைக்கிளில் போனால் எங்கே குந்துவது? அவள் கையை வீசிக்கொண்டு முதலில் போக, எல்லோரும் அவள் பின்னால் போவதைப் பார்க்க எனக்குத் தாங்காது. என் கழுத்து எப்போதும் பானைக்கு அடியில் இருந்தது.

விடியற்காலை பொறுக்குகிற முட்டைகளில் முதல் முட்டை அவளுக்கு அவிக்கப்பட்டது. முட்டை வாங்க வருகிற முட்டைக்காரர் அவளுக்கு மட்டும் ரிப்பன் கொண்டுவந்தார். அவளுடைய நகங்கள்கூட என்னுடையதைப் போல இல்லை. விரல் நுனிகள் உருண்டு, நகம் கடிகாரக் கண்ணாடி போல வளைந்து பளபளக்கும். அம்மா மருதாணி அரைத்தால் முதலில் அந்த விரல்களுக்குத்தான். என் நகங்களை அப்படி வளைக்க முடியுமா என்று சைக்கிள் பெல் மூடியில் அழுத்தி வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட மோசம் நாவற்பழம். மத்தியானமும் சாயங்காலமும் அவள் உதடு நாவற்பழம் தின்றது மாதிரி நீலமாக இருக்கும். "எங்கடி கெடச்சுது?" என்று அம்மா சிரித்துக்கொண்டே கேட்பார். அவள் பதில் சொல்ல மாட்டாள், மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். யாரோ அவளுக்கு மட்டும் ரகசியமாகப் பழம் கொடுக்கிறார்கள் என்று நான் முடிவு செய்தேன். அவள் பாவாடை மடிப்பில் கொட்டை தேடினேன். அவள் தூங்கும்போது வாயை முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. கெட்டிக்காரி, கழுவிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன்.

மூச்சு வாங்குகிறது என்று அவளும் சொல்லாமல் இல்லை. அப்பா தோளில் வந்த காலத்தில் சொன்னபோது, "தூக்கிக்கச் சொல்லி நடிக்கிறா" என்றார் அம்மா. பேர் வந்த பிறகு சொன்னபோது, "அவளுக்குச் சாமி எறங்குது" என்று சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா திருநீறு பூசிவிட்டார். ஒரே மூச்சுத்தான்.

திருமானூர்ப் பக்கத்து நிலக்காரர் ஒருவர், எங்கள் வாத்துகளுக்கு வயலை விட்டவர், கிணறு வெட்ட வேண்டும் என்று அவளைக் கேட்டுக்கொண்டு வந்தார். மாட்டு வண்டி கட்டி, வைக்கோல் மேல் ஜமுக்காளம் விரித்து அவளை ஏற்றிப் போனார். நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். கொல்லையில் இறக்கிவிட்டு, "பாப்பா, எங்க தோணுதோ அங்க குந்தும்மா" என்றார். அவள் நின்றாள். ஒரு வெட்டுக்கிளியைப் பிடிக்கப் பார்த்தாள். திரும்பி வந்து நின்றாள். குந்தவே இல்லை.

"தண்ணி இல்ல போலருக்கு" என்றார் நிலக்காரர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. அவர் கிணறு வெட்டாமலே இருந்துவிட்டார். போகும்போதும் வரும்போதும் அவள் வண்டியில்தான் உட்கார்ந்திருந்தாள் என்பதை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்குத் தெரியும்?

எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. ஒரு தடவையாவது நான் காட்டுகிற இடத்தில் டேரா விழ வேண்டும். ஒரு நாள் எல்லோரும் வருவதற்கு முன்பே ஓடிப்போய் ஒரு நல்ல மேட்டில் நானும் அவளைப் போலவே குந்திப் பார்த்தேன். சித்தப்பா என்னைப் பார்த்து, "என்னடி, வவுத்த வலிக்குதா? வாய்க்கா அந்தப் பக்கம் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அப்புறம் வேலை அதிகமாகிவிட்டது. அப்பாவும் சித்தப்பாவும் வாத்துகளோடு மெதுவாக வர, எங்கள் இருவரையும் முன்னால் அனுப்பத் தொடங்கினார்கள். முளையை என் கையில் கொடுத்து, "பாப்பா குந்துன எடத்துல இத நட்டுட்டு நில்லு. நீயா எதுவும் பண்ணாத" என்றார் அப்பா. முளை தூக்குகிற வேலை எனக்கு.

ஒரு வரப்பு திரும்பி, எங்களை யாரும் பார்க்க முடியாத இடம் வந்ததும் தங்கை என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, தூக்கிக்கயேன்."

"நீதான் மகமாயியாச்சே. நட."

"முடியலக்கா."

"அப்ப குந்து. ஒனக்கு அதான வேல."

"இங்க குந்துனா இங்கயே போட்டுருவாங்க. இங்க சேறு" என்றாள். அவளுக்கும் அதெல்லாம் தெரிந்திருக்கிறது. பிறகு, நான் கனவிலும் நினைக்காத ஒன்றைச் சொன்னாள். "நீ எங்க சொல்றியோ அங்க குந்துறேன். தூக்கிக்க."

நான் முளையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தேன். அவள் என் முதுகில் ஏறிக்கொண்டாள். பானையைவிட லேசாக இருந்தாள். அவள் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சின்ன வாத்துக்குஞ்சைக் கையில் பிடித்தால் உள்ளங்கையில் அடிக்குமே, அந்த மாதிரி. ஓடி வராதவளுக்கு ஏன் இப்படி அடிக்கிறது என்று நான் கேட்கவில்லை. எனக்கு இடம் பார்க்கிற அவசரம்.

அந்த வருடம் நாங்கள் தங்கிய இடங்களைப் போல அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. முதலில் ஒரு வேலமரத் திடல். மூன்று பக்கம் வாய்க்கால் சுற்றியிருந்ததால் நாய்கூட வரவில்லை. அடுத்தது நெல் அடித்து முடித்த ஒரு களம். சாணம் மெழுகிய தரை பாய் விரித்தது போல இருக்கும், வைக்கோல் போர் காற்றை மறைக்கும், காலையில் வெயில் ஏறும்போது களம் முழுக்கப் புது வைக்கோல் வாசனை. அம்மா அங்கே இருந்தவரை ஒரு நாளும் எங்களைத் திட்டவில்லை. கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலான இடம், திருமழபாடி தாண்டிக் கொள்ளிடத்தில் இருந்த மணல் திட்டு.

ஆறு அப்போது அக்கரை ஓரமாக ஒல்லியாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் மணல். ஒரு முழம் தோண்டினால் ஊற்று, கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஒரு பக்கம் நாணல், ஆனால் நரி ஒளிகிற அளவுக்கு அடர்த்தி இல்லை. வாத்துகள் கணுக்கால் தண்ணீரில் நாள் முழுக்க நின்றன. விடியற்காலை மணலில் கையை விட்டால் முட்டை சூடாகக் கையில் உருளும், ஒட்டுகிற மணலை ஊதினால் போய்விடும். சாயங்காலம் கோயில் மணிச் சத்தம் தண்ணீர்மேல் வரும். சித்தப்பா துண்டை விரித்துப் பிடித்த கெண்டையை அம்மா மிளகாய் தடவி, தோசைக்கல் இல்லாததால் பானை மூடியைக் கவிழ்த்துப் பொரித்தார். டீக்கடையைப் பற்றிச் சித்தப்பா பேசவே இல்லை. அப்பா மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "இந்த எடத்த வுட்டுப் போவவே மனசு வரல" என்றார்.

அது நான் பார்த்த இடம். தங்கையைக் களத்திலிருந்து நாணல் வரைக்கும் தூக்கி வந்து, இறக்கிவிட்டு, "இங்க குந்து" என்று நான் சொன்ன இடம்.

முட்டைக்காரர் வந்தார். கூடையைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரிச் சுத்தமான முட்டை நான் வாங்குனதே இல்லீங்க. பாப்பா குந்துன எடம்னா சும்மாவா?" என்றார். பையிலிருந்து ஒரு டஜன் கண்ணாடி வளையலை எடுத்தார். பச்சை நிறம். அவள் கையைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றினார். அவள் என்னைப் பார்த்தாள். பாதி வளையலை எனக்குக் கழற்றிக் கொடுக்க வந்தாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குக் கண் தெரியவில்லை.

"அவ ஒண்ணும் பாக்கல. நாந்தான் பாத்தேன். எல்லா எடமும் நாந்தான் சொன்னேன்" என்று கத்தினேன்.

சித்தப்பா சிரித்தார். "பொறாமையப் பாரு. மூஞ்சி எப்படிப் போவுது பாரு."

அப்பா சிரிக்கவில்லை. எழுந்து மணலைத் தட்டினார். இடம் நான் பார்த்ததா, அவள் பார்த்ததா என்பதல்ல, சாமி காட்டியதா இல்லையா என்பதுதான் அவருக்குப் பயம். "சரி, பாத்துருவோம்" என்றார்.

மறுநாளே டேராவைப் பிரிக்கச் சொல்லிவிட்டார். அவ்வளவு நல்ல இடத்தை அவ்வளவு சீக்கிரத்தில் விட்டோம். சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், நான் சாடை காட்டிவிடக் கூடாது என்று. அப்பா முளையும் கடப்பாறையுமாகத் தங்கைக்குப் பின்னால் போனார். "நீ போம்மா. எங்க தோணுதோ அங்க குந்து."

ஆற்றிலிருந்து ஊர்ப் பக்கம் போக ஒரே வழி, கொள்ளிடக் கரையில் ஏறுவதுதான். வீட்டு உயரத்துக்கு மண் கரை, அதன்மேல் வண்டிப் பாதை. தங்கை ஏறினாள். பாதியில் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி ஏறினாள். மேலே போனதும், பாதையின் நட்ட நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்திவிட்டாள்.

"அண்ணே, ரோடு அண்ணே" என்றார் சித்தப்பா.

"தெரியுதுடா."

"வண்டி வருமே."

"சுத்திப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா முளையை நிறுத்திக் கடப்பாறையின் பின்பக்கத்தால் அடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாத்தியா? ஒன் பேச்சு இல்லாமலே குந்திட்டா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அங்கேயே டேரா போட்டோம். எங்கள் தார்ப்பாய் வண்டிப் பாதையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டது. வாத்துகளைச் சரிவில் வலை கட்டி விட்டோம், அவை விடிய விடிய ஒன்றன்மேல் ஒன்று சரிந்துகொண்டிருந்தன. கரும்பு வண்டிக்காரர்கள் இறங்கி வந்து திட்டினார்கள். அந்த மாதிரி மோசமான ஒரு டேராவில் நாங்கள் அதுவரை தங்கியதில்லை. நான் உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தேன். ஆனால் அதை மோசம் என்று யாருமே சொல்லவில்லை. "ஏதோ காரணம் இருக்கும்" என்றார் சித்தப்பா.

காலையில் சைக்கிள் மணி அடித்தது. ஊர் ஊராகப் போய் ஊசி போடுகிற நர்ஸம்மா, வெள்ளைப் புடவையைச் செருகிக்கொண்டு, ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"யாருய்யா இது, கரை மேல கொட்டாய் போட்டது? நான் பறந்தா போவ முடியும்?"

"கொஞ்சம் எறங்கித் தள்ளிட்டுப் போயிடுங்க நர்ஸம்மா. இது பாப்பா குந்துன எடம்" என்றார் சித்தப்பா.

"எந்தப் பாப்பா? கலெக்டரு மவளா?"

தங்கை அப்போதுதான் கீழே போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கரையேறி வந்து, முளைக்குப் பக்கத்தில் குந்தினாள். "இதோ, இவதான்" என்று சித்தப்பா பெருமையாகக் காட்டினார்.

நர்ஸம்மா சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார். தங்கையின் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். புடவைத் தலைப்பால் அவள் உதட்டைத் துடைத்தார். நிறம் போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார்.

"என்ன தின்னா இவ?"

"நாவப்பழம் தின்னுருப்பா. எப்பப் பாத்தாலும் அந்த வாயிதான்" என்றார் அம்மா.

"மாசி மாசத்துல ஏதும்மா நாவப்பழம்?"

அம்மா ஆற்றைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். "அக்கரையில ஏதாச்சும் மரம்..." என்று சித்தப்பா தொடங்கி, அப்படியே விட்டுவிட்டார். வருடம் முழுக்க மரத்தடியிலேயே கிடக்கிறவர்கள் நாங்கள். நாவல் எப்போது பழுக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? ஆனியிலும் ஆடியிலும் நானே மரம் ஏறியிருக்கிறேன். பொறாமையில் நானும் மாதத்தை யோசிக்கவில்லை.

நர்ஸம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கே தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நடக்க வுடாதீங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப் போனார்கள், அவள் என் பாவாடையை விடவில்லை என்பதற்காக. டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். என் நெஞ்சில் வைக்கவில்லை. அதையும் நான் கவனித்தேன். பிறகு அப்பாவிடம், "நடந்து போறப்ப நடுவுல இப்படிக் குந்திக்குவாளா?" என்று கேட்டு, நாற்காலியை விட்டு எழுந்து, தரையில் குந்திக் காட்டினார். பேண்ட் போட்ட ஒருவர் குந்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தஞ்சாவூர் வரைக்கும் செய்தி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். "குந்துவா சார். அவ குந்துற எடத்துலதான் நாங்க டேராவே போடுவோம். ராசியான புள்ள சார்."

டாக்டர் எழுந்து உட்கார்ந்தார். "இருதயத்துல கோளாறுப்பா. பொறக்கும்போதே இருந்துருக்கு. மூச்சு முட்டுனா இந்த மாதிரிப் புள்ளைங்க குந்திக்கும். குந்துனா கொஞ்சம் தேவல. அதுக்குத்தான் குந்துறா."

"அப்ப அந்த எடமெல்லாம்?" என்றார் அப்பா.

"எந்த எடம்?"

தங்கைதான் சொன்னாள். "அதெல்லாம் அக்கா பாத்தது. அக்காதான் என்னத் தூக்கிட்டுப் போச்சு."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்த ஒடம்ப வெச்சிக்கிட்டு அவ்வளவு தூரம் எப்படி நடந்தான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அவர் என்னைப் பார்க்க வேண்டும் என்பதுதான். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெட்ராஸில் ஆபரேஷன். வாத்துகளை எல்லாம் விற்றுவிட்டோம். தங்கை அங்கே பல மாதம் இரும்புக் கட்டிலில், ஒரே இடத்தில், வெள்ளைத் துணி விரித்துப் படுத்திருந்தாள். பாலும் ரொட்டியும் கொடுத்தார்களாம். எனக்கு அதுவும் பொறாமைதான். திரும்பி வந்த பிறகு அவளை அலையவிடக் கூடாது என்று அரியலூரில் ஓர் உறவினர் வீட்டில் விட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். எட்டாம் வாய்ப்பாடு அவளுக்குத் தெரியும். இன்றைக்கு அவள் அங்கே டீச்சர். நான் கரும்பு வெட்டுகிறவர்களோடும், அறுப்பு மெஷின் லாரிகளோடும் சமையலுக்குப் போய், பல ஊர் மண்ணில் படுத்து எழுந்தவள். கஷ்டம்தான். ஆனால் ஒரே கூரையின் கீழ் ஒரு வாரம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும், என்ன செய்ய?

அப்பாவை முட்டாள் என்று நான் வெகு நாள் நினைத்திருந்தேன். இந்த வயதில் அப்படித் தோன்றவில்லை. ஓர் இடம் தப்பிப்போனால் வாத்து சாகும், வருடம் போய்விடும். அந்தப் பழியைச் சுமக்கத் தம்பியும் தயாராக இல்லை, அவரும் தயாராக இல்லை. ஒரு குழந்தை குந்தினால் யார் மேலும் பழி இல்லை. அதனால்தான் நான் சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை. நான் பார்த்த இடம் என்றால் தப்பு வரலாம். பாப்பா குந்திய இடத்தில் தப்பே வராது.

அந்தச் சிவப்புத் துணி கட்டிய முளை கரையிலேயே நின்றுவிட்டது. பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. மறுவருடம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து போய்ப் பார்த்தேன். இல்லை. யார் வீட்டில் அதில் மாடு கட்டியிருக்கிறார்களோ.

கொஞ்ச காலத்துக்கு முன் தங்கை வீடு கட்ட மனை பார்த்தாள். "நீயும் வாயேன்க்கா" என்று போன் போட்டாள். போனேன். அரியலூருக்கு வெளியே, கல் நட்டுப் பிரித்த மனைகள். புரோக்கர் முன்னால் போக, தங்கை அவரோடு விடுவிடு என்று நடந்தாள். மூச்சு வாங்கவே இல்லை. எனக்கு முட்டி பிடித்துக்கொண்டது. பின்னால் ஓர் இடத்தில் அப்படியே குந்திவிட்டேன்.

தங்கை திரும்பிப் பார்த்தாள். "அக்கா குந்திட்டா" என்றாள். புரோக்கரிடம், "அப்ப இதையே பேசிடலாங்க."

"அடி போடி இவளே. முட்டி வலிக்குது, குந்துனேன். அங்க பாரு, கோரை. மழை பேஞ்சா இங்க முழங்கா தண்ணி நிக்கும்."

"அதெல்லாம் மண்ணு கொட்டிக்கலாங்கம்மா" என்றார் புரோக்கர்.

"அப்ப எங்கதான் போடுறது?" என்றாள் தங்கை.

தூரத்தில், வரிசையின் கடைசியில், யாரும் கேட்காமல் கிடந்த ஒரு மேட்டைக் காட்டினேன். ரோட்டுக்குத் தள்ளி, பக்கத்தில் ஒரு வேம்பு, மணல் கலந்த மண். "அது வரைக்கும் நடப்பியா?" என்று கேட்டாள். பிறகு சிரிக்காமல், "தூக்கிக்கவா?" என்றாள்.

"ஒன் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து முன்னால் நடந்தேன். அவள் எனக்குப் பின்னால் வந்தாள். மேட்டுக்குப் போனதும் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து நட்டேன்.

வீடு அங்கேதான் கட்டினாள். ஐப்பசி மழையில் அந்தப் பக்கம் எல்லாத் தெருவிலும் தண்ணீர் நின்றது, அவள் வாசலில் நிற்கவில்லை. புதுமனை புகுவிழாவுக்குச் சித்தப்பாவைக் காரில் கூட்டி வந்தார்கள். கண் சரியாகத் தெரியாது, ஆனால் காலை மண்ணில் தேய்த்துப் பார்த்தார். "மணலு. பாப்பா குந்துன எடம்னா வேற எப்படி இருக்கும்?" என்றார்.

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இல்ல சித்தப்பா. இது அக்கா பாத்த எடம். அப்பயும் அக்காதான் பாத்துச்சு" என்றாள்.

சித்தப்பா பல்லில்லாத வாயால் சிரித்தார். அவள் தலையைத் தேடிக் கை வைத்தார். "எம்மாம் பெரிய மனசு பாரு இதுக்கு! சின்னதுல இருந்தே அப்படித்தான், அக்காவுக்குன்னா எல்லாத்தையும் வுட்டுக் குடுத்துடும்."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். தங்கை என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நல்ல சிவந்த உதடு. எனக்கு வயிறு எரிந்தது. பாயசம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது டம்ளரையும் வாங்கிக் குடித்தேன்.